மாலத்தீவுச் சுற்றுலா எவ்வளவு காலம் தாங்கும்?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிசம்பரில் கல்யாணம். அதன்பிறகு மாலத்தீவு போகலாம் என்று இருக்கிறோம். அந்த நாடே கடலுக்குள் போகப்போகிறது என்று ஆபீசில் பயமுறுத்துகிறார்கள். மத விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு, பார்த்து நடந்துகொள் என்கிறார் மாமா. பேசாமல் லட்சத்தீவு போ என்கிறார் அப்பா. அங்கே சுற்றுலாவுக்கு உண்மையிலேயே என்னதான் ஆபத்து? நாங்கள் போகலாமா, வேண்டாமா?"

தாராளமாகப் போகலாம் தம்பி. கெம்பேகவுடா விமான நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தலைநகர் மாலேயில் இறங்கிவிடலாம். ஆனால் ஆபத்து என்ன என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊர்த் தோணிகள் காலங்காலமாக மாலேவுக்குச் சரக்கு ஏற்றிப் போனவை. இங்கே அல்சூரில் டிராவல்ஸ் வைத்து ஆட்களை அந்தத் தீவுகளுக்கு அனுப்புவதும் என் பிழைப்பு. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். உங்கள் ஆபீஸ்காரர்கள் பயப்படும் விஷயம், அதாவது நாடு மூழ்குவது, வரிசையில் கடைசியில் வரும் ஆபத்து. அதற்கு வெகு முன்பே வந்து நிற்பவை வேறு.

முதலில் அந்த மூழ்கும் கதையைப் பார்த்துவிடுவோம். மாலத்தீவில் 1,192 தீவுகள் என்பது அரசாங்கக் கணக்கு. நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயரமில்லை. இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே சுமார் 2.4 மீட்டர்தான். நம்ம ஊர் வீட்டுக் கூரை அதைவிட உயரம். 1987-லேயே அன்றைய அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. சபையில் போய் இதைச் சொல்லி முறையிட்டார். 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் தன் அமைச்சர்களோடு காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு கிரிஃபுஷி தீவருகே கடலுக்கு அடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அன்றிலிருந்து மாலத்தீவு என்றாலே "சீக்கிரம் போய்ப் பார்த்துவிடு, அப்புறம் இருக்காது" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. சொன்னால் கோபப்படாதீர்கள், எங்கள் தொழிலில் பலர் அந்தப் பயத்தைக் காட்டியே டிக்கெட் விற்கிறார்கள்.

கடல் மட்டம் ஆண்டுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் ஏறுகிறது, அந்த வேகமும் கூடிக்கொண்டு வருகிறது. இது உண்மை. ஆனால் இந்தத் தீவுகள் கல்லாலோ களிமண்ணாலோ ஆனவை இல்லை. பவளப்பாறையின் மேல் குவிந்த மணல்மேடுகள். மணல் என்பதால் நகரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தீவின் ஒரு கரையில் இருக்கும் மணல், வாடைக் காலத்தில் மறுகரைக்குப் போய்ச் சேரும். ஒரே ரிசார்ட்டுக்கு ஜூலையில் போனவரும் ஜனவரியில் போனவரும் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடற்கரை இடம் மாறியிருப்பது தெரியும். பவளத் தீவுகளின் பழைய வான்படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், கடல் ஏறியும் பல தீவுகள் சுருங்கவில்லை, உருமாறி இடம்பெயர்ந்து தாக்குப்பிடித்திருக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். அலை புதிய மணலை மேலே தள்ளத் தள்ள, தீவு தன்னைத் தானே கொஞ்சம் உயர்த்திக்கொள்ளும்.

சரி, அந்தப் புதிய மணல் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பா அடோலில் (அடோல் என்றால் வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) வக்காரு என்ற தீவைச் சுற்றி ஆய்வு செய்தபோது, புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளி மீன்களின் வேலை என்று கண்டார்கள். கிளி மீன் பவளப்பாறையைக் கொறித்து, பாசியைச் சாப்பிட்டு, பாறைத் துகளை வெள்ளை மணலாகப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் படம் எடுக்கப்போகும் அந்தப் பால்வெள்ளைக் கடற்கரையில் பெரும்பங்கு மீன் கழிவு. தேனிலவுக்குப் போகிறவரிடம் சொல்லக்கூடாத விஷயம்தான், மன்னிக்கவும். ஆனால் கணக்கு தெளிவு: பாறை உயிரோடு இருந்தால் மீன் இருக்கும், மீன் இருந்தால் மணல் வரும், மணல் வந்தால் தீவு நிற்கும். பாறை செத்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். அலையின் வேகத்தை வெளியிலேயே அடக்கி அனுப்புவதும் அதே பாறைதான்.

அந்தப் பாறை இப்போது வெந்துகொண்டிருக்கிறது. பவளப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு நுண்ணிய பாசி குடியிருக்கும். நிறமும் பெரும்பகுதி உணவும் அதனிடமிருந்தே வருகின்றன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரம் நீடித்தால் பூச்சி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பாறை வெளுத்துவிடும். வெப்பம் சீக்கிரம் இறங்கினால் தேறிவிடும், இல்லையென்றால் பட்டினியில் சாகும். 1998-இல், கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில், மாலத்தீவின் ஆழமில்லாத பாறைகளில் பெரும்பகுதி இப்படித்தான் செத்தது. மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்து, முக்குளிப்பவர்கள் பழைய அழகு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட ஆரம்பித்த நேரத்தில் 2016 வந்தது. அந்த முறை ஆய்வு செய்த இடங்களில் சுமார் 60 விழுக்காடு பவளம் வெளுத்தது. அப்புறம் 2024. முதல் இடைவெளி 18 ஆண்டு, அடுத்தது 8 ஆண்டு. செத்த பாறை ஓரளவு திரும்பி வரவே பத்துப் பதினைந்து ஆண்டு வேண்டும். இந்தச் சின்னக் கழித்தல் கணக்குதான் எனக்கு அந்த நாட்டைப் பற்றி இருக்கும் பெரிய கவலை. தண்ணீர் மேலே ஏறுவதற்கு முன்பே, வெப்பத்தால் அந்தத் தண்ணீருக்குள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடலாம்.

பாறை போனால் தீவு போகும் என்பதற்கு நான் மாலத்தீவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று சொல்வோம். அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, பல காலம் பெயர்த்தெடுத்ததே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் கரைந்து கரைந்து மிகச் சிறியதாகிவிட்டது. அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி வைத்தார்கள். மாலேயிலும் இதே கதை. வீடு கட்டப் பவளக்கல் எடுத்தார்கள், களப்பை, அதாவது பாறைக்கு உட்பக்கம் இருக்கும் ஆழமில்லாத கடலை, தூர்த்து ஊரை விரித்தார்கள். 1987-இல் தெற்குக் கடலிலிருந்து பெரிய அலை வந்தபோது தலைநகரத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அதன்பிறகு ஜப்பான் உதவியோடு நான்கு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கி மாலேயைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். பாறை சும்மா செய்துகொடுத்த வேலையைக் காசு கொடுத்துச் செய்யவேண்டி வந்தது. ஒரு தீவுக்கு ஜப்பான் கொடுத்தது. மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாவற்றுக்கும் யார் கொடுப்பார்கள்?

கன்னியாகுமரிக் கடற்கரையில் கள்ளக்கடல் என்பார்களே, எங்கோ தூரத்துப் புயலில் பிறந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும் அலை, அது மாலத்தீவின் தென் அடோல்களுக்கும் பழக்கமான எதிரி. 2007 மே மாதம் இப்படிப் பல தீவுகளில் கடல் ஊருக்குள் வந்தது. வந்த தண்ணீர் திரும்பிப் போய்விடும். ஆனால் மணலுக்கு அடியில் மெல்லிய அடுக்காகத் தேங்கியிருக்கும் நல்ல தண்ணீர் உப்பாகிவிடும். அதன்பிறகு மழைநீர்த் தொட்டிதான் கதி. 2004 சுனாமியில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், காணாமல் போனார்கள். கண்டோல்ஹுதூ என்ற தீவு குடியிருக்கவே முடியாமல் போய், மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ச்சனம் சில ஆண்டுகள் கழித்து துவாஃபரு என்ற வேறொரு தீவுக்குக் குடிபெயர்ந்தது. ஒரு நாடு மூழ்கும் என்று பேசும்போது நாம் கற்பனை செய்வது ஒரே நாளில் எல்லாம் மறைவதை. நடப்பது வேறு: நல்ல தண்ணீர் போய், தென்னை காய்ந்து, பள்ளிக்கூடம் மூடி, ஒவ்வொரு தீவாகச் சனம் கிளம்புவது.

இதுவரை சொன்னதில் வெப்பமும் அலையும் வெளியார் செய்த பாவம் என்று வைத்துக்கொள்ளலாம். மாலத்தீவு வெளியிடும் புகை உலகக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சுற்றுலா தன் கையாலேயே செய்துகொள்வது ஒன்று இருக்கிறது. தண்ணீர் மேல் வில்லா வேண்டும், வில்லாவுக்குக் கீழே நீலக் களப்பு வேண்டும், வருடம் முழுக்க ஒரே இடத்தில் கடற்கரை வேண்டும். மணலோ நகரும் சுபாவம் உள்ளது. அதை நகரவிடாமல் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தடுப்பு, கட்டுகிறார்கள். கட்டிய இடத்தில் மணல் சேரும், பக்கத்தில் அரிக்கும். உடனே களப்பின் அடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டுகிறார்கள். கலங்கிய சேறு பாறைமேல் படிந்து பவளத்தை மூச்சுமுட்ட வைக்கிறது. கடல்புல் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது என்று அதைப் பிடுங்கி எறிந்த ரிசார்ட்டுகள் நிறைய. ஆமைக்குச் சாப்பாடும் அதுதான், மணலைப் பிடித்து வைப்பதும் அதுதான். 2019-இல் அங்கேயே இதற்கு எதிராக ஓர் இயக்கம் எழுந்து, சில ரிசார்ட்டுகள் தங்கள் கடல்புல்லை விட்டுவைப்பதாக உறுதி சொன்னது நல்ல செய்தி.

இதைவிடப் பெரிய அளவில் அரசாங்கமே களப்பைத் தூர்த்து நிலம் ஆக்குகிறது. 1997-இல் தொடங்கிய ஹுல்ஹுமாலே அப்படி வந்த ஊர். இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூர்த்து அடுக்குமாடிகள் கட்டியிருக்கிறார்கள். மாலேயின் நெரிசலைப் பார்த்தவர் யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார். சுமார் இரண்டு சதுர கிலோமீட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள். ஆனால் அட்டுவிலும் குல்ஹிஃபல்ஹுவிலும் நடந்த தூர்ப்புகளுக்கு உள்ளூர்ச் சூழல் ஆர்வலர்களே கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெங்களூரில் இருப்பவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஏரியைத் தூர்த்து லேஅவுட் போட்டுவிட்டு, 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையில் டிராக்டரில் ஆபீஸ் போனோமே, அதே புத்திதான்.

குடிநீரையும் குப்பையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்து, ஒரு தலைநகரம் முழுக்கக் குழாயில் தண்ணீர் இல்லாமல் தவித்தது. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. ஒரே ஆலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது ஊர் என்பது அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது. குப்பைக்கு திலாஃபுஷி என்று ஒரு தீவு. 1992 முதல் களப்பில் குப்பையைக் கொட்டிக் கொட்டியே நிலம் ஆக்கினார்கள். விமானம் இறங்கும்போதே புகை தெரிந்த காலம் உண்டு. திறந்தவெளியில் எரிப்பதை 2021-இல் நிறுத்தினார்கள். உங்களிடம் ஒரு இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பசுமை வரி வாங்குவார்கள். 2015-இல் வந்த வரி இது. 2025 முதல் ரிசார்ட்டில் 12 டாலர், சிறிய கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். இந்த மாதிரிச் செலவுகளுக்குத்தான் அது போகவேண்டும். பில்லில் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள்.

இப்போது மாமா சொன்ன விஷயத்துக்கு வருவோம். 1972-இல் முதல் ரிசார்ட்டுகளான குரும்பாவும் பண்டோஸும் திறந்தபோதே மாலத்தீவு ஒரு கெட்டிக்கார ஏற்பாடு செய்தது. ரிசார்ட் என்றால் ஆள் வாழாத தீவில்தான். ஒரு தீவு, ஒரு ரிசார்ட். மது, பன்றி இறைச்சி, நீச்சலுடை எல்லாம் அங்கே. ஊர், மசூதி, பள்ளிக்கூடம் வேறு தீவில். அரசியல் சாசனப்படி குடிமக்கள் எல்லாரும் முஸ்லிம்களாக இருக்கவேண்டிய நாட்டில், வெளியுலகின் பணத்தை மட்டும் உள்ளே விட்டு, பழக்கவழக்கத்தை எட்டவே நிறுத்த நடுவில் கடலை விட்டுவைத்தார்கள். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு இது ஓடியது. நாட்டின் வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நேரடியாகச் சுற்றுலாவிலிருந்து வரும் நிலை இப்படித்தான் உருவானது.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ரிசார்ட்டில் வேலை செய்யும் உள்ளூர் ஆண் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருப்பார். பெண்களை அந்த வேலைக்கு அனுப்பக் குடும்பங்கள் தயங்கும். வேலைக்கு ஆள் போதாமல் வங்காளதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் அங்கே வசித்த சுமார் ஐந்து லட்சம் பேரில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். பக்கத்துத் தீவில் ஒரு இரவுக்கு ஆயிரம் டாலர் வாங்குகிறார்கள், இங்கே நம்ம பையன் வேலையில்லாமல் திரிகிறான் என்ற கசப்பு ஊர்த் தீவுகளில் வளர்ந்தது. அந்தக் கசப்பு எங்கே போய்ச் சேரும்? ஒரு பக்கம் போதைப்பொருள், இன்னொரு பக்கம் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் கொண்டுவந்த புதிய கடுமை. மாலத்தீவில் இஸ்லாம் வந்து எண்ணூற்று எழுபது ஆண்டு ஆகிறது. 1153 என்று வருடமே சொல்வார்கள். அந்தப் பழைய வழக்கத்தில் பாட்டும் மேளமும் தர்காவும் இருந்தன. இப்போதைய கடுமை அதிலிருந்து வந்ததில்லை, அதற்கே எதிரானது. இதைப் பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தக் கடுமை சுற்றுலாவை நேராகத் தொட்ட தருணங்கள் சில. 2007 செப்டம்பரில் மாலேயின் சுல்தான் பூங்காவில் குண்டு வெடித்து 12 வெளிநாட்டுப் பயணிகள் காயம்பட்டார்கள். 2011 டிசம்பரில் மதத்தைக் காப்போம் என்று நடந்த பெரிய பேரணிக்குப் பின் ரிசார்ட்டுகளில் ஸ்பாக்களை மூடச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. சில நாளிலேயே திரும்பப் பெற்றது. 2012 பிப்ரவரி 7, அதிபர் மாறிய அதே நாளில், தேசிய அருங்காட்சியகத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து இஸ்லாமுக்கு முந்தைய பவளக்கல் புத்தர் சிலைகளை உடைத்தது. அந்த நாட்டின் பௌத்த காலத்துக்கு இருந்த சாட்சியங்களில் பெரும்பகுதி ஒரே காலையில் தூளாகிவிட்டது. 2018-இல் ஒரு ரிசார்ட்டின் கடலில் ஆங்கிலேயச் சிற்பி ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர் வைத்த மனித உருவங்களை, நீதிமன்ற உத்தரவின்பேரில் போலீசாரே போய் உடைத்தெடுத்தார்கள். திறந்து சில மாதம்கூட ஆகவில்லை. இவற்றில் எனக்கு மனது ஆறாதது அருங்காட்சியகம்தான். ஸ்பா திரும்பத் திறக்கும். சிலை திரும்ப வராது.

கடுமை ஒரு பக்கம் அரித்தால், சுற்றுலாவே மறுபக்கம் அரிக்கிறது. பொடு பெரு என்ற மேளம் மீனவர்களும் படகோட்டிகளும் வியர்க்க வியர்க்க ஆடிய ஆட்டம். இப்போது பஃபே டின்னருக்குப் பின் அரைமணி நேர நிகழ்ச்சி. காத்தூ தீவுப் பெண்கள் கோரையில் நெய்யும் துண்டு குனா பாய் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. ஆனால் நெய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், மாலேயின் கடைகளிலோ இந்தோனேசியாவில் செய்த மர ஆமைதான் நிறைய. 1658-இல் கட்டிய ஹுகுரு மிஸ்கிய் போன்ற பவளக்கல் மசூதிகள் இன்னொரு அதிசயம். கடலிலிருந்து எடுத்த பாறையைச் செதுக்கி, சாந்தே இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக் கட்டியவை. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. மாலே போகிறவர்களில் பத்துக்கு ஒருவர்கூட அதை எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம். விமான நிலையத்தில் இறங்கி நேரே ஸ்பீட் போட், நேரே வில்லா. அப்படி ஒருவர் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தால் அவர் மாலத்தீவைப் பார்த்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

2009, 2010 வாக்கில் அந்தப் பழைய ஏற்பாட்டைத் தளர்த்தினார்கள். ஊர்த் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி வந்தது. மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹாஸ் என்று பல தீவுகள் மாறின. பணம் முதல்முறையாகச் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது. கூடவே உரசலும். ஊர்க் கடற்கரையில் தட்டி கட்டி மறைத்து "பிகினி பீச்" என்று ஒரு மூலையை ஒதுக்கவேண்டியிருந்தது. மதுவுக்கு ஊரில் இடமில்லை என்று, கரைக்கு எட்ட நங்கூரம் போட்ட படகில் பார் நடக்கிறது. வேடிக்கையான சமரசம்தான். ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. விருந்தாளி முகம் தெரியும் ஊரில் வெறுப்பு வளர்வது கடினம். உங்களுக்கு மீன் குழம்பு ஊற்றும் அம்மாவின் மகன் உங்கள் மேல் கல்லெறிய யோசிப்பான். பழைய பிரிவினை ஏற்பாடுதான் வெளிநாட்டுக்காரன் என்றால் மது, நிர்வாணம், பணம் என்ற உருவத்தை ஊருக்குள் விதைத்தது என்பது என் அபிப்பிராயம். எதிர்க்கருத்து சொல்பவர்களும் உண்டு, மாஃபுஷியில் இப்போது ஊரே காணவில்லை, எல்லாம் ஹோட்டல்தான் என்று. அதிலும் நியாயம் இருக்கிறது.

நல்ல முன்னுதாரணமும் அங்கேயே இருக்கிறது. 2010-இல் சுறாப் பிடிப்பதை நாடு முழுக்கத் தடைசெய்தார்கள். செத்த சுறாவின் துடுப்பைவிட, உயிரோடு நீந்தும் சுறாவைப் பார்க்க வருபவர் தரும் காசு அதிகம் என்ற வியாபாரக் கணக்கும் அதன் பின்னால் இருந்தது. பா அடோல் 2011-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அங்கே ஹனிஃபரு விரிகுடாவில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொம்புத்திருக்கைகள் கூட்டமாக வரும், இத்தனை பேர்தான், இவ்வளவு நேரம்தான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சூரை மீனை வலை போடாமல் கம்புத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் வழக்கத்தையும் இன்னும் விடவில்லை. எங்கள் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடு அந்தச் சூரைதான்.

அரசியலையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2024 ஜனவரியில் நம் பிரதமர் லட்சத்தீவு போய்வந்ததையொட்டி அங்கே மூன்று துணை அமைச்சர்கள் தரக்குறைவாக எழுத, அவர்களை இடைநீக்கம் செய்தார்கள். இங்கே பயணத்தைப் புறக்கணிக்கும் அலை எழுந்தது. 2023-இல் இரண்டு லட்சத்துக்கு மேல் போன இந்தியர்கள், 2024-இல் சுமார் 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். எங்கள் தொழிலில் அந்த ஆண்டு பட்ட அடி எனக்குத் தெரியும். ஆனால் அதே 2024-இல் அந்த நாட்டுக்கு வந்த மொத்தப் பயணிகள் முதல்முறையாக 20 லட்சத்தைத் தாண்டினார்கள். இந்தியர் குறைந்த இடத்தைச் சீனரும் ரஷ்யரும் நிரப்பினார்கள். அரசியல் காயம் இப்படிச் சீக்கிரம் ஆறிவிடும். பவளத்துக்கு ஆற நேரம் வேண்டும்.

லட்சத்தீவு பற்றி அப்பா சொன்னது: அழகில் குறைவே இல்லை. ஆனால் ஆபத்திலிருந்து தப்பிக்க அங்கே போவதாக நினைத்தால் தவறு. அதே கடல், அதே வெப்பம், அதே பவளம். பங்காரம் திட்டில் பரளி 1 என்ற ஆளில்லாத குட்டித் தீவு 1968-இல் இருந்தது, பிறகு முற்றிலும் கரைந்துபோனது. 2024-இல் அங்கேயும் பாறைகள் வெளுத்தன. தங்க இடம் கொஞ்சம், அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும், விமான இருக்கையும் குறைவு. இந்தத் தட்டுப்பாடுதான் அந்தத் தீவுகளை இதுவரை காப்பாற்றியிருக்கிறது என்பேன். மாலத்தீவு ஐம்பது ஆண்டில் செய்ததை அங்கே ஐந்து ஆண்டில் செய்ய ஆசைப்படாமல் இருக்கவேண்டும்.

உங்கள் கேள்விக்கு: முப்பது ஆண்டு கழித்தும் மாலத்தீவில் ரிசார்ட் இருக்கும், விமானம் இறங்கும். ஆனால் இன்றைய போக்கில் போனால், பணக்கார ரிசார்ட்டுகள் சுவருக்கும் மணல் பம்புக்கும் செலவு செய்து நிற்கும், செலவு செய்ய முடியாத ஊர்த் தீவுகள் காலியாகி ஹுல்ஹுமாலே மாதிரித் தூர்த்த நிலத்தில் சனம் குவியும் என்றுதான் நான் பார்க்கிறேன்.

டிசம்பர் பயணத்துக்கு என் யோசனை: முதல் மூன்று இரவு ஒரு ஊர்த் தீவில் கெஸ்ட் ஹவுஸ், பிறகு இரண்டு இரவு ரிசார்ட். ரிசார்ட் பிடிக்கும்போது வில்லாவின் படத்தைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: தீவு இயற்கையானதா, தூர்த்ததா? கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் உயிருள்ள பாறை இருக்கிறதா? குடிதண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் அங்கேயே நிரப்புகிறார்களா? பதில் மழுப்பினால் விட்டுவிடுங்கள். கடலில் இறங்கும்போது சன்ஸ்கிரீமைக் குறைத்து முழுக்கை டீசர்ட் போட்டுக்கொள்ளுங்கள், பாறைமேல் காலை ஊன்றாதீர்கள். ஊர்த் தீவுக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மறைந்திருந்தால் போதும், வேறு தொந்தரவு எதுவும் வராது. சூட்கேஸில் மது பாட்டில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். திரும்பும் நாளில் மாலேயில் அரை நாள் ஒதுக்கி ஹுகுரு மிஸ்கியையும் மீன் சந்தையையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் தீவு மாறுவது மாதிரித் திட்டம் போடாதீர்கள், அன்றைக்குப் பெரும்பாலான ஊர்ப் படகுகள் ஓடாது.